ஈரல் மாற்றுச் சிகிச்சை: அதன் வரலாறும் நோயாளர் அறியவேண்டியனவும்

மிகுந்த அச்சத்தைக் கூற வரும்போது 'ஈரற்குலை நடுங்கிற்று' என்பது நம் மக்கள் வழக்கு. உயிர் நிலைகொண்டிருக்கும் உறுப்புக்களுள் ஈரலும் ஒன்று என நம் முன்னோர் உணர்ந்திருந்தமைக்கு இவ்வழக்கே சான்று. கிரேக்கரும் இதுபற்றி ஒரு கதை வைத்திருந்தனர். வானவரிடமிருந்து தீயைக் கவர்ந்து மனிதருக்கு அளித்த புறொமீதியஸ் என்பானைப் பாறையிலே பிணித்தனராம். நாடோறும் ஒரு கழுகு வந்து அவன் ஈரலைக் கொத்தித் தின்னும். இரவிலே அது மீளவும் வளர்ந்துவிடும். கதை கதையே. ஆயினும், வெட்டியெடுத்த பகுதி மீள வளரும் இயல்பு மனித உடம்பின் உள்ளுறுப்புக்களுள் ஈரலுக்கே சிறப்பாக உரியது. அவ்வியல்பினால் இன்று தாய் தன் குழந்தைக்கும், மகன் தன் தந்தைக்கும் ஈரலின் ஒரு கூற்றைக் கொடுத்து, தாமும் பிழைத்து அவரையும் பிழைக்க வைக்கின்றனர்.

நேயர்களே, நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டது வைத்தியம் அன்று, வைத்தியத்தின் வரலாறு. மாற்று ஈரல் பெறச் செல்லும் நோயாளருக்கு வைத்தியர்கள் பல கட்டளைகளை இடுகின்றனர். குளிகையை நேரந் தவறாது உண்ணவேண்டும், மதுவைத் தொடலாகாது, காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது, கேளாமல் வேறு மருந்து உண்ணலாகாது. நோயால் நொந்தவருக்கு இவை யாவும் சுமைமேற் சுமையாகத் தோன்றுதல் இயல்பே. ஆனால், இக்கட்டளைகள் எவையும் ஒருவர் வீட்டிலிருந்து எண்ணி எழுதியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பு உண்டு. பெரும்பாலும் அப்பிறப்பின் அருகே ஒரு நோயாளியின் மரணமும் உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் கட்டளையை வெறுக்கமாட்டார்.

முதலில் ஈரலின் தொழிலைச் சுருக்கமாக நோக்குவோம். வலப்புற விலாவெலும்புகளின் கீழே, வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் அது அமைந்துள்ளது. உணவுச் சமிபாட்டுக்கு வேண்டிய பித்தநீரைச் சுரப்பது அது. குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதும், வெல்லத்தைச் சேமித்து வேண்டியபோது வழங்குவதும், நச்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவதும் அதுவே. சிறுநீரகம் பழுதுற்றால் குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் துணையோடு பல்லாண்டு வாழலாம். ஈரல் முற்றாகப் பழுதுற்றவரை அவ்வாறு ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. ஆதலால்தான் வேறோர் ஈரலைப் பொருத்துதல் என்னும் துணிகரமான எண்ணம் வைத்தியருக்குத் தோன்றியது.

ஈரல் கெடுவதற்குக் காரணங்கள் பல. ஹெப்பற்றைற்றிஸ் பி, சி எனப்படும் வைரசுக்கள், மது, ஈரலிற் கொழுப்புப் படிதல் ஆகியன முக்கியமானவை. சில குழந்தைகளுக்குப் பித்தநீர்க் குழாய் பிறப்பிலேயே அடைபட்டிருக்கும். பல்லாண்டு அழற்சியினால் ஈரல் வடுப்பற்றிச் சுருங்கி இறுகும் நிலையைச் சிரோசிஸ் என்பர். அதன் முற்றிய நிலையிலே செங்கண்மாரி தோன்றும். வயிற்றிலே நீர் தேங்கும். சிலர் குருதியாக வாந்தியெடுப்பர். சிலருக்கு அறிவு தடுமாறும். இவ்வறிகுறிகள் கண்டவர் அனைவருக்கும் மாற்று ஈரல் வேண்டுமென்பதில்லை. ஆனால், அது வேண்டுமா என ஆராயும் காலம் வந்துவிட்டதென்பது அவற்றின் பொருள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஒருவரின் உறுப்பை மற்றொருவரின் உடம்பு ஏன் ஏற்க மறுக்கின்றது என்பதை விளக்கியவர் பீற்றர் மெடாவர் என்னும் ஆங்கில அறிஞர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீப்புண்பட்டோருக்கு வேற்றவரின் தோலை ஒட்டியபோது அது சில நாளில் உதிர்ந்துபோவதை அவர் ஆராய்ந்தார். நோய்க் கிருமிகளை எதிர்க்கும் அதே காவற்படை, வேற்றவரின் தசையையும் பகையெனக் கருதி அழிக்கின்றது எனக் கண்டார். இவ்வழியில் அவர் செய்த ஆராய்ச்சிகளுக்காக 1960இல் நோபல் பரிசும் பெற்றார். 1954ஆம் ஆண்டு திசெம்பரில் பொஸ்ரன் நகரிலே யோசப் மறி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அவ்விருவரும் ஒரு கருவில் உதித்த இரட்டையர் ஆதலின் காவற்படை ஏமாந்து நின்றது. இரட்டையர் அல்லாதோருக்கு என் செய்வது என்பதே எஞ்சிய வினா.

ஈரலோ சிறுநீரகத்தினும் மிகச் சிக்கலானது. அதனுள்ளே குருதி இரு வழியாகப் புகுகின்றது. பித்தநீர்க் குழாய் வேறு உண்டு. உடம்பின் பெருநாளமொன்று அதனை ஒட்டிச் செல்கின்றது. 1955இல் நியூயோர்க் மாநிலத்து அல்பனி நகரில் ஸ்ரூவட் வெல்ச் என்பவர் நாய்களிலே இதனை முயன்றார். அதன்பின் இத்துறையிலே தம் வாழ்நாளையே செலவிட்டவர் தோமஸ் ஸ்ரார்சில். அயோவா மாநிலத்துச் சிற்றூரொன்றில் 1926இல் பிறந்த இவர் நூற்றுக்கணக்கான நாய்களிற் பயின்ற பின்னர், 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி, கொலறாடோ மாநிலத்து டென்வர் நகரிலே உலகின் முதலாவது மனித ஈரல் மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கினார். நோயாளி மூன்று வயதுக் குழந்தை. பித்தநீர்க் குழாய் இல்லாது பிறந்தது. கெட்ட ஈரல் குருதியை உறையச் செய்யும் ஆற்றலை இழந்திருந்தமையால், வெட்டிய இடமெல்லாம் குருதி பெருகிற்று. சத்திரசிகிச்சை மேசையிலேயே குழந்தை உயிர்நீத்தது.

அதன்பின் வந்தோருக்குக் குருதி உறைவதற்கான மருந்துகளைக் கொடுத்தனர். வெட்டிய இடத்திலே பெருக்கு நின்றது. ஆனால், வேறிடத்தே உறைந்த கட்டிகள் நுரையீரலுக்குச் சென்று அடைத்தன. ஒரு கேட்டைத் தடுக்க முயன்ற மருந்து மற்றொரு கேட்டை விளைத்தது. அவ்வாண்டிலே சிகிச்சை பெற்ற எவரும் ஒரு மாதங்கூட வாழவில்லை. ஸ்ரார்சில் மூன்றாண்டுகளுக்கு மேலாகக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்பினார். தோல்வியை மறையாது வெளியிட்டு, காரணம் தேடினார். இன்று நோயாளியைச் சத்திரசிகிச்சைக்கு முன் வாரக்கணக்காகப் பரிசோதிக்கின்றனரே, அது வீண் தாமதம் அன்று. குருதி உறையும் தன்மை, இதயத்தின் வலிமை, நுரையீரல், சிறுநீரகம், மறைந்திருக்கும் புற்றுநோய், தொற்று ஆகிய எல்லாவற்றையும் அறிந்த பின்னரே கத்தியை எடுக்கவேண்டும் என்பது 1963இன் பாடம்.

1967ஆம் ஆண்டு யூலை மாதம் ஸ்ரார்சில் மீண்டும் முயன்றார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு ஈரலிலே புற்றுநோய். புதிய ஈரல் தொழிற்பட்டது. குழந்தை எழுந்து விளையாடியது. ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. இறுதியில் அதனைக் கொண்டுசென்றது பழைய புற்றுநோயேயன்றிப் புதிய ஈரலின் பழுது அன்று. இதிலிருந்து மற்றொரு பாடம் பிறந்தது. புற்றுநோய் ஈரலைத் தாண்டிப் பரவியிருந்தால் ஈரலை மாற்றிப் பயனில்லை. எந்த அளவுக்குள் இருந்தால் மாற்றலாம் என்பதை 1996இல் இத்தாலியின் மிலான் நகரத்து வைத்தியர் மஸ்ஸபெறோவும் அவர் குழுவினரும் வரையறுத்தனர். ஒரே கட்டியாயின் 5 சென்ரிமீற்றருக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். மூன்று வரை இருப்பின் ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். இந்த வரையறை இன்று சில இடங்களில் ஓரளவு தளர்த்தப்படினும், அடிப்படை அதுவே. 'உமக்கு இச்சிகிச்சை பொருந்தாது' என வைத்தியர் கூறும்போது, அது கைவிடுதல் அன்று. பயனற்ற துன்பத்திலிருந்து காத்தலே ஆகும்.

ஐரோப்பாவிலே 1968ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி கேம்பிறிட்ஜ் நகரில் றோய் கால்ன் இச்சிகிச்சையைத் தொடங்கினார். கூடியிருந்த வைத்தியர்களிற் பலர் வேண்டாமென்றே கூறினர். அப்போது பொஸ்ரனிலிருந்து வந்திருந்த மூத்த சத்திரசிகிச்சை நிபுணர் பிரான்சிஸ் மூர் அவர்பக்கம் நின்று ஊக்கியதோடு, சிகிச்சையிலும் துணைபுரிந்தார். எனினும், அக்காலத்தில் மாற்று ஈரல் பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே ஓராண்டு வாழ்ந்தனர். காவற்படையை அடக்கும் மருந்துகள் போதிய வலிமையின்றி இருந்தன. அன்றேல் அளவுக்கு மீறி அடக்கித் தொற்றுநோய்க்கு வழிவிட்டன. ஆயினும், 1970இல் டென்வரிலே சிகிச்சை பெற்ற ஒரு குழந்தை வளர்ந்து, அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தமையையும் நாம் மறத்தலாகாது.

நிலைமையை மாற்றியது மண்ணிலிருந்து வந்த மருந்து. நோர்வே நாட்டு மேட்டுநிலமொன்றில் எடுத்த மண்ணிலே வளர்ந்த பூஞ்சணத்திலிருந்து, சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரத்து சண்டோஸ் மருந்து நிறுவனத்தார் சைக்கிளோஸ்போறின் என்னும் பொருளைப் பிரித்தனர். அது காவற்படையை அடக்க வல்லது என 1970களில் அங்கே யான் பிரான்சுவா போறெல் முதலானோர் கண்டனர். 1978இல் கால்ன் அதனை உறுப்பு மாற்றம் பெற்ற நோயாளருக்கு முதலிற் கொடுத்தார். ஸ்ரார்சில் அதனை ஸ்ரீறோயிட் மருந்தோடு சேர்த்து வழங்கியபோது, ஓராண்டு வாழ்வோர் தொகை ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதாக உயர்ந்தது. 1983இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் அவை, ஈரல் மாற்று இனி வெறும் பரிசோதனை அன்று, பரவலாகக் கையாளத்தக்க சிகிச்சையே எனத் தீர்ப்பளித்தது. 1984இல் யப்பானின் சுக்குபா நகரத்து மண்ணிலிருந்து தக்றோலிமஸ் என்னும் மருந்து கிடைத்தது. 1989இல் பிற்ஸ்பேர்க் நகரில் ஸ்ரார்சில் அதனைப் பயன்படுத்தினார். இன்றும் பெரும்பாலான நோயாளர் உண்பது அக்குளிகையே.

இவ்விடத்தே நோயாளர் உள்ளத்திற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. உடம்பின் காவற்படை, புதிய ஈரலை ஒருபோதும் முற்றாகத் தன்னதென ஒப்புவதில்லை, மருந்தினாலே அடங்கியிருக்கின்றது. 'நான் நன்றாக இருக்கின்றேனே, இனிக் குளிகை எதற்கு?' என்று எண்ணுவது பேராபத்து. நன்றாக இருப்பதே அக்குளிகையினால் அன்றோ! மிகச் சிலர் மருந்தின்றியும் வாழ்கின்றனர் என்பது உண்மையே. ஆனால், அதனை வைத்தியர் கண்காணிப்பில் அன்றித் தாமாக முயன்று பார்த்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். மருந்தின் அளவு குருதியிற் கூடினால் சிறுநீரகம் நலியும். குறைந்தால் ஈரல் நிராகரிக்கப்படும். ஆதலாற்றான் அடிக்கடி குருதிப் பரிசோதனை. நாட்டு மருந்து, கைமருந்து, கடையில் வாங்கும் மாத்திரை, கிறேப் புறூட் என்னும் புளிப்புக் கனி ஆகியன அவ்வளவைக் குழப்ப வல்லன. 'இயற்கையானது, தீங்கு செய்யாது' என்னும் வாதம் இங்கே செல்லாது. தக்றோலிமசும் இயற்கையாக மண்ணிற் பிறந்ததே.

அடக்கப்பட்ட காவற்படை ஈரலைத் தாக்காது விடுவதோடு கிருமியையும் எளிதில் உள்ளே விட்டுவிடும். முதல் மாதங்களில் இவ்வாபத்து மிகுதி. எனவே, காய்ச்சல் கண்டால் வீட்டில் வைத்துப் பார்க்கலாகாது. நன்கு வேகாத உணவைத் தவிர்த்தல் வேண்டும். உயிருள்ள கிருமி கொண்டு செய்த தடுப்பு மருந்துகளைச் சிகிச்சைக்கு முன்பே முடித்துக்கொள்ளல் நன்று. பின்னர் அவை பொதுவாக ஆகா. ஆண்டுகள் செல்லச் செல்ல நீரிழிவு, உயர் குருதியமுக்கம், தோற் புற்றுநோய் ஆகியன தலைகாட்டக்கூடும். இவை யாவும் அஞ்சி ஒதுங்குவதற்காக அன்று, விழித்திருப்பதற்காகச் சொல்லப்படுகின்றன. மாற்று ஈரல் பெற்ற பெண்கள் தக்க காலம் பொறுத்து, வைத்தியர் மருந்துகளை மாற்றியமைத்த பின்னர், மகப்பேறு அடைந்துமுள்ளனர்.

இனி, ஈரல் எங்கிருந்து வருகின்றது என்பதை நோக்குவோம். 1968இல் ஹாவேட் பல்கலைக்கழகக் குழுவொன்று, மூளையின் தொழில் மீளா வகையில் நின்றுவிட்டால் அதுவே மரணம் எனக் கொள்ளலாமென வரையறை வகுத்தது. அதன்பின் பல நாடுகள் அதனைச் சட்டமாக்கின. மூளை இறந்தபின் இயந்திரத்தினால் இதயம் சிறிது காலம் இயங்கும். அவ்வேளையில் உறவினர் சம்மதித்தால் ஈரலை எடுத்து மற்றொருவரைக் காக்கலாம். 1980களின் இறுதியிலே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுதாட் என்னும் இருவர் உருவாக்கிய குளிர்க் கரைசல், ஈரலைப் பல மணிநேரம் கெடாது வைக்க உதவிற்று. 2013இல் லண்டனிலே, உடற்சூட்டிற் குருதி பாய்ச்சும் இயந்திரத்தில் வைத்துக் காத்த ஈரலும் பொருத்தப்பட்டது.

ஆனால், கிடைக்கும் ஈரல் குறைவு, காத்திருப்போர் மிகுதி. யாருக்கு முதலிற் கொடுப்பது? முன்னே வந்தவருக்கு முதலில் என்பது கடைத்தெரு முறை. உயிர் காக்கும் இடத்தில் அது நீதியாகாது. 2002 முதல் அமெரிக்காவிலே, குருதியிலுள்ள பித்தநிறப் பொருள், சிறுநீரகத்தின் நிலை, குருதி உறையும் நேரம் ஆகிய மூன்றையும் கணித்து, சாவுக்கு அண்மையில் இருப்பவருக்கு முதலிடம் கொடுக்கும் முறை வந்தது. பல நாடுகள் அதனைப் பின்பற்றின. எனவே, நமக்குப்பின் பதிந்தவர் நமக்குமுன் ஈரல் பெற்றால், அதனை அநீதியென்று கொள்ளலாகாது.

மது அருந்தி ஈரலைக் கெடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்ற வினாவும் எழுந்தது. 1988இல் ஸ்ரார்சில் குழுவினர் அவர்களும் ஏனையோரைப் போலவே பிழைக்கின்றனர் எனக் காட்டினர். ஆறு மாதம் மதுவை விட்டிருத்தல் வேண்டுமென்னும் விதி பல இடங்களில் நிலவியது. 2011இல் பிரான்சிய வைத்தியர்கள், தேர்ந்தெடுத்த சிலருக்கு அவ்வளவு காத்திராமலே சிகிச்சை செய்து பயன் கண்டனர். விதி தளரலாம், ஆனால், மதுவை முற்றாக விடுதல் என்னும் உறுதி தளரலாகாது. பிறர் ஈந்த ஈரலை மீளவும் மதுவுக்கு இரையாக்குதல் கொடுத்தவருக்குச் செய்யும் நன்றிக்கேடாகும்.

உயிரோடிருப்பவர் ஈரலின் ஒரு கூற்றைக் கொடுக்கும் முறை 1988 திசெம்பரில் பிறேசிலின் சாவோ பவுலோ நகரிலே சில்வானோ றையாவினால் முதலில் முயலப்பட்டது, குழந்தை பிழைக்கவில்லை. 1989 யூலையில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் றசல் ஸ்ரோங் முதலாவது வெற்றியைப் பெற்றார். கொடுத்தவள் யப்பானியத் தாய். பெற்றவன் அவள் மகன். அவ்வாண்டு நவம்பரில் சிக்காகோவில் கிறிஸ்ரொப் புறோல்ஷ் ஒரு தாயின் ஈரற் கூற்றை அவள் மகளுக்குப் பொருத்தினார். சிக்காகோக் குழுவினர் அதற்கு முன்பே, நலமுள்ள ஒருவரைக் கத்திக்கு உட்படுத்துவது அறமாகுமா என்னும் தம் ஆராய்வை மருத்துவச் சஞ்சிகையிலே வெளியிட்டு, பலர் கருத்துக்கும் இடமளித்தனர். 1996இல் ஹொங்கொங்கில் வளர்ந்தோருக்கு ஈரலின் வலப்பாகத்தைக் கொடுக்கும் முறை தொடங்கிற்று. இந்தியாவிலே 1998இல் டெல்கி வைத்தியசாலையொன்றில் தந்தையின் ஈரற் கூற்றினாற் பிழைத்த காஞ்சிபுரத்துக் குழந்தை, பின்னாளில் வளர்ந்து தானே வைத்தியனாயிற்று.

இங்கே நம் குடும்பங்கள் நிதானமாக எண்ணவேண்டும். சிபிச் சக்கரவர்த்தி தன் தசையை அரிந்து கொடுத்ததையும், கண்ணப்பர் தம் கண்ணை அகழ்ந்து அப்பியதையும் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அவர்கள் பெருமை, தாமே மனமுவந்து கொடுத்ததில் அன்றோ இருக்கின்றது? கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. வலப்பாகம் கொடுப்போரில் ஏறத்தாழ ஐந்நூற்றுக்கு ஒருவர் இறக்கக்கூடும் என மதிப்பிடுகின்றனர். பித்தநீர்க் கசிவு முதலிய தொல்லைகள் அதனினும் மிகுதி. எஞ்சிய ஈரல் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும் என்பது உண்மை. எனினும் வயிற்றின் வடு என்றும் நிற்கும். எனவே, மனைவியையோ, மருமகனையோ, வேலையற்ற தம்பியையோ சுற்றத்தார் சூழ்ந்து நெருக்குதல் தகாது. கொடுப்பவரை வைத்தியர் தனியே அழைத்து வினவுவது இதற்காகவே. 'இயலாது' என்று சொல்லும் உரிமை உள்ளபோதே 'தருகின்றேன்' என்னும் சொல்லுக்கு மதிப்புண்டு. விலைக்கு வாங்குவதோ எவ்வகையிலும் தீது. அமெரிக்கா 1984இலும், இந்தியா 1994இலும் உறுப்பு வாணிகத்தைச் சட்டத்தாற் தடுத்தன.

நம் நாட்டிலே மனித இழைய மாற்றத்துக்கான சட்டம் 1987இல் நிறைவேறியது. ராகமை, கொழும்பு ஆகிய இடங்களில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நடைபெற்றுள்ளது. பலர் இந்தியாவுக்கும் சென்றுள்ளனர். ஈதலில் இலங்கையர் பின்னிற்பவர் அல்லர். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக இந்நாட்டவரின் கண்கள் எத்தனையோ தேசத்தாருக்கு ஒளி கொடுத்தன. இறந்தபின் கண்ணைக் கொடுக்கத் துணிந்த மக்கள், மூளை இறந்த நிலையில் ஈரலையும் கொடுக்கத் துணிவர் என நம்பலாம். ஆனால், துயரம் வந்த இரவிலே தீர்மானிக்க நேர்ந்தால் எவருக்கும் மனம் தடுமாறும். நலமாக இருக்கும் நாளிலேயே குடும்பத்தார் இதுபற்றிப் பேசித் தம் விருப்பத்தைச் சொல்லிவைத்தல் வேண்டும்.

இன்று தேர்ந்த வைத்தியசாலைகளில் மாற்று ஈரல் பெறுவோரில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர் ஓராண்டைக் கடக்கின்றனர். எழுபதுக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டைக் கடக்கின்றனர். 1963இல் ஒருவரும் ஒரு மாதத்தைக் கடக்கவில்லை என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. இந்நிலையை எய்த உதவியவர் வைத்தியர் மட்டும் அல்லர். பிழைப்போம் என்னும் உறுதி சிறிதும் இல்லாதபோது கத்திக்கு உடன்பட்ட நோயாளரும், தம் துயரத்தின் நடுவே சம்மதம் கொடுத்த பெற்றோரும் இவ்வறிவின் ஆசிரியர்களே. அவர்கள் பெயரை நாம் அறியோம். நேரந் தவறாது உண்ணும் ஒவ்வொரு குளிகையும் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் எனக் கொள்க.